கண்ணோடு நின்றுபோன ஒட்டகச்சிவிங்கி

நெருப்பு இல்லாதபோது இயந்திரம் ஒழுங்காக ஓடியது. நெருப்பு வந்ததும் நின்றது. அதை ஓட்டும் நியாகியோவுக்கு இதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

கென்யாவின் தீகா நகரத்துப் பட்டறைத் தெருவில், வைரேகியின் கேட் பட்டறையில், வெட்டுமேசையின் மேல் ஒரு பெரிய இரும்புத் தகடு கிடந்தது. அதிலிருந்து வெளிவர வேண்டியது ஒரு ஒட்டகச்சிவிங்கி. வேலமரத்தின் உச்சிக் கிளையைக் கழுத்தை நீட்டிக் கடித்துக்கொண்டிருக்கும் ஒட்டகச்சிவிங்கி. இதுவரை வெளிவந்தது அதன் கண். கண் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். கண் தொடங்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை, அவ்வளவே.

கண் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் உருவம் தகட்டிலிருந்து கழன்று சாய்ந்துவிடும். சாய்ந்த துண்டில் கண்ணை எங்கே போய் வெட்டுவது? அதனால் இயந்திரம் எப்போதும் உள்ளே இருப்பதை முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். முதலில் கண், பிறகு உடம்பின் புள்ளிகள், பிறகு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, கடைசியில்தான் வெளிக்கோடு. யார் கேட்டாலும் நியாகியோ இதை விளக்குவாள். கேட்காவிட்டாலும் விளக்குவாள்.

“தங்கச்சி, அது என்னையே பாக்குது” என்றான் ஒடேரா.

ஒடேரா அந்தப் பட்டறையின் வெல்டர். ஏரிக்கரை ஊர்க்காரன், கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். செத்துப்போன பழைய கணினியின் பெட்டியைக் குப்புறப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“எது பாக்குது?”

“அந்தக் கண்ணு. ‘மீதி உடம்பு எங்கடா’ன்னு கேக்குது.”

“நீங்க டீயக் குடிங்கண்ணே.”

“குடிக்க விட்டாத்தானே. இந்தப் பக்கம் நகந்தாலும் பாக்குது.”

நியாகியோ பொத்தானை மறுபடி அழுத்தினாள். நெருப்பு முனை தகட்டின் மேல் இறங்கியது. பளீரென்று நீல வெளிச்சம் வந்தது. ஒடேராவின் ரேடியோ, பந்தாட்ட வர்ணனையின் நடுவில், கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ‘கிறீச்’ என்று அலறியது. நெருப்பு அணைந்தது. இயந்திரம் நின்றது. கணினித் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: தொடர்பு இல்லை.

“பேட்டரி போச்சு” என்று ஒடேரா ரேடியோவைத் தட்டினான்.

ஒட்டகச்சிவிங்கியைப் பதிக்க வேண்டிய கேட் வேறு யாருக்காவது என்றால் இவ்வளவு கவலை இல்லை. இது முதலாளி வைரேகியின் சொந்த வீட்டுக் கேட். சனிக்கிழமை அவருடைய மகள் கபுராவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களை யாரும் நேரே உள்ளே விட்டுவிடுவதில்லை. கேட்டைச் சாத்தி வைத்துக்கொண்டு பெண் வீட்டுப் பெண்கள் உள்ளே நின்று பாடுவார்கள். யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள், வழி தவறிவிட்டீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். வந்தவர்கள் வெளியே வெயிலில் நின்று பதிலுக்குப் பாட வேண்டும். பாட்டு பிடித்தால்தான் தாழ்ப்பாள் நகரும். கபுராவின் சித்திகளும் அத்தைகளும் பாட்டுகளை ஒத்திகை பார்த்துத் தொண்டை கட்டிப்போயிருந்தார்கள். எல்லாம் தயார். சாத்தி வைக்கக் கேட்தான் இல்லை.

வைரேகி இருபது வருடமாக ஊருக்கெல்லாம் கேட் செய்து கொடுத்தவர். அவர் வீட்டு வாசலில் இருந்தது ஒரு துண்டுத் தகரம். கம்பியால் கட்டியது. பக்கத்து வீட்டு ஆடு அதைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு தினம் வந்து போகும்.

அதைப் பற்றிப் பேசத்தான் கபுராவின் அம்மா அன்று பட்டறைக்கே வந்துவிட்டாள். கையில் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரப் பொட்டலம், கக்கத்தில் ஒரு கூடை. பின்னால் வைரேகி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

“எங்க என் ஒட்டகச்சிவிங்கி?” என்றாள்.

ஒடேரா துளையைக் காட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள். சுற்றிப்போய் மறுபக்கத்திலிருந்தும் பார்த்தாள். “ஓட்டையா இருக்கு.”

“கண்ணு, கபுரா அம்மா. நல்லா தெறந்து வெச்சிருக்கு.”

“கபுராவோட அப்பா, என் அக்கா தங்கச்சிங்க சனிக்கிழம எங்க நின்னு பாடுவாங்க? அந்தத் தகரத்துக்குப் பின்னாடியா? எங்க பெரியக்கா தொண்டைக்கு அந்தத் தகரம் தாங்குமா? ரெண்டாவது வரியிலேயே விழுந்துடும். அப்புறம் சம்பந்தி வீட்டுக்காரங்க ஆடு மாதிரி தானா உள்ள வந்துடுவாங்க.”

வைரேகி தொப்பியைச் சுழற்றினார். “நியாகியோ, பழைய கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே வெட்டுச்சு?”

“நல்லாத்தான் வெட்டுச்சு முதலாளி.”

“இப்ப என்ன மாறிச்சு?”

“கம்ப்யூட்டர் மட்டும்தான்.”

“கையிலேயே வெட்டிடலாமே. ஒடேரா வரைவானே.”

நியாகியோ சுவரைக் காட்டினாள். போன தடவை ஒடேரா கையால் வரைந்து வெட்டிய யானை இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. கேட் வாங்க வந்தவர் அதைப் பன்றி என்று நினைத்து, எங்கள் வீட்டில் பன்றி ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கபுராவின் அம்மா அந்த யானையை ஒருமுறை பார்த்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

“எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன்” என்றாள் நியாகியோ. “சொல்லச் சொல்லத்தான் எனக்கும் புரியும்.”

“சொல்லும்மா” என்று கபுராவின் அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க மூணு பேர் இருக்காங்க. கம்ப்யூட்டர் படத்தைப் படிச்சு, ‘ஒரு மயிரிழை வலது பக்கம் போ, ஒரு மயிரிழை கீழ போ’ன்னு சொல்லிட்டே இருக்கும். அந்தச் சொவத்துப் பலகையில மாட்டியிருக்கற கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கேட்டு மோட்டாரச் சுத்தும். கேட்டதும் ‘சரி, கேட்டுச்சு’ன்னு திருப்பிச் சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல மூணாவது ஆளு, நெட்வொர்க் கேபிள். ஒரு கண் சிமிட்டற நேரம் கம்ப்யூட்டர் கிட்டேருந்து பேச்சு வரலன்னாகூடப் பெட்டி பயந்துபோயி எல்லாத்தையும் நிறுத்திடும்.”

“ஏன் பயப்படணும்?”

“நெருப்பு எரிஞ்சிட்டிருக்கும்போது எங்க போறதுன்னு தெரியாம ஒரே எடத்துல நின்னா தகடு உருகிடும். கண்ண மூடிட்டு ஓடினா ஒடேரா அண்ணன் மேல போயிடும். அதனால நிக்கறது சரிதான். ஏன் பேச்சு கேக்கலங்கறதுதான் கேள்வி.”

“புருஷன் மாதிரின்னு சொல்லு” என்றாள் கபுராவின் அம்மா. வைரேகி தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

புதிய கணினி வந்த அன்றைக்கே நியாகியோ ஒரு சிக்கலைத் தீர்த்திருந்தாள். கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகள் ஒரே தெருவில் குடியிருப்பது போன்ற எண்களை முகவரியாக வைத்திருக்க வேண்டும். பெட்டி ஒரு தெருவிலும் புதிய கணினி வேறு தெருவிலும் இருந்தால் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அவள் கணினியின் முகவரியை மாற்றினாள். இயந்திரம் உடனே அசைந்தது. நெருப்பைப் பற்றவைக்காமல் முழு ஒட்டகச்சிவிங்கியையும் காற்றிலேயே ஒருமுறை வரைந்து காட்டியது. வைரேகி கை தட்டினார். வெற்றிக்கு எல்லோரும் சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிதேரியை ஆளுக்கொரு தட்டு சாப்பிட அடுத்த கடைக்குப் போனார்கள். ஒடேரா மட்டும் எனக்குப் பசியில்லை என்று பின்தங்கினான்.

திரும்பி வந்தபோது கணினி கூண்டுக்குள் இருந்தது.

அந்தத் தெருவின் வழக்கம் அது. சாயங்காலம் கழற்றி வைக்க முடிகிற எதுவும் காலையில் இருப்பதில்லை. ஆகவே எதையும் எதோடாவது வெல்டிங் வைத்துவிடுவார்கள். பட்டறையின் குப்பைத் தொட்டி தூணோடு வெல்டிங். எதிர்க்கடையின் நாற்காலி நாலும் ஒன்றோடொன்று வெல்டிங். ஒருவர் எழுந்தால் நாலு பேரும் ஆட வேண்டும். ஒடேரா, புதிய கணினியின் மேல் கொண்ட அன்பில், விரல் கனக் கம்பியில் ஒரு கூண்டு செய்து, கூண்டை வெட்டுமேசையின் காலோடு நாலு இடத்தில் வெல்டிங் வைத்திருந்தான். தன் ரேடியோவை மாட்ட ஒரு கொக்கியும் வைத்திருந்தான். கூண்டுக்குக் கதவும் உண்டு. கதவு பாதிதான் திறந்தது. மீதிப் பாதியை மேசைக் கால் தடுத்தது.

“ஒரு கை நுழையுதுல்ல?” என்றான் அன்றைக்கே. “திருடனுக்கு ரெண்டு கை வேணும்.”

நெருப்பு பற்றவைத்தது அதற்குப் பிறகுதான். அப்போது வந்ததுதான் முதல் சிவப்பு எழுத்து.

நியாகியோ கபுராவின் அம்மாவின் முன்னாலேயே வேலையைத் தொடங்கினாள். நல்ல தகட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு பழைய இரும்புத் துண்டைப் போட்டாள். முதலில் கேபிள். சாதாரணக் கேபிள் பழுதாக இருக்கலாம் என்று, உலோக உறை போர்த்த விலையுயர்ந்த கேபிள் ஒன்றை அடுத்த தெருவிலிருந்து வாங்கி வந்திருந்தாள். கூண்டுக்குள் ஒரு கையை விட்டு, மறு கையில் ஒடேரா சவரம் செய்யும் கண்ணாடியைப் பிடித்து, கணினியின் முதுகைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினாள். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரிந்ததால் இரண்டு முறை மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.

பொத்தான். நீல வெளிச்சம். ரேடியோ அலறல். சிவப்பு எழுத்து. துண்டில் ஒரு துளை.

“இன்னொரு கண்ணு” என்றான் ஒடேரா.

அடுத்தது, கேபிளின் நடுவே இருந்த சிறிய பிரிப்புப் பெட்டி. அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தாள். துளை. அடுத்தது, கணினியின் நெட்வொர்க் துளையே சரியில்லையோ என்று, பக்கத்து இன்டர்நெட் கடையில் வெளியே செருகும் துணைக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து மாட்டினாள். துளை. கணினி மின்சாரம் சேமிப்பதற்காக நெட்வொர்க்கைத் தூங்கவைக்கிறதோ என்று அந்த அமைப்பை அணைத்தாள். துளை. இரும்புத் துண்டு இப்போது சல்லடை போல இருந்தது.

“கபுரா அம்மா, இத மாவு சலிக்க எடுத்துட்டுப் போங்க” என்றான் ஒடேரா. “எனக்கென்னமோ அது நெருப்பப் பாத்துப் பயப்படுதுன்னு தோணுது. எங்க சித்தப்பா வீட்டுக் கழுத இப்படித்தான். அடுப்பு மூட்டினா நடக்காது. கண்ணக் கட்டினாத்தான் நடக்கும்.”

அவன் சொன்னதோடு நிற்காமல் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து கணினித் திரையின் மேல் போர்த்தினான். நியாகியோ தடுக்கவில்லை. எதையும் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்பது அவள் கொள்கை. பொத்தானை அழுத்தினாள். கோணிக்குள்ளே சிவப்பு எழுத்து வந்திருக்கும், எடுத்துப் பார்க்கவில்லை.

“தூசிதான் காரணம்” என்று கோணியை உருவிப் போட்டு முடிவு சொன்னாள் கபுராவின் அம்மா. கூடையிலிருந்து ஒரு குரோஷே விரிப்பை எடுத்தாள். வெள்ளை நூலில் ரோஜாப்பூ. வீட்டில் சோபா, தொலைக்காட்சி, தண்ணீர் ஜாடி எல்லாவற்றுக்கும் அவள் பின்னிப் போர்த்தியது போக மிஞ்சியது. “இத மேல போட்டு வை. புதுப் பொருள அம்மணமா வெக்கக்கூடாது.”

விரிப்பைப் போட இடைஞ்சலாகக் கூண்டின் கொக்கியில் ரேடியோ தொங்கியது. அவள் அதை எடுத்துச் சற்றுத் தள்ளியிருந்த மரப் பெஞ்சின் மேல் வைத்தாள். ஏதோ ஒரு தேவாலயம் இடிந்தபோது வைரேகி வாங்கிப் போட்ட பெஞ்சு அது. பழைய கணினி அதன் மேல்தான் இருந்தது. ரோஜாப்பூ விரிப்பு கூண்டின் மேல் அழகாக விழுந்தது.

“இப்ப போடு.”

நியாகியோ பொத்தானை அழுத்தினாள். நீல வெளிச்சம். சிவப்பு எழுத்து.

ரேடியோ அலறவில்லை. சளி பிடித்தவன் போல லேசாகக் கரகரத்துவிட்டு, மூலையிலிருந்து பந்து வருகிறது என்று சொன்னது.

“பாத்தியா, பேட்டரி சரியாயிடுச்சு” என்றான் ஒடேரா.

நியாகியோ ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரேடியோவை எடுத்துவந்து கொக்கியில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். அலறல். பெஞ்சில் வைத்து அழுத்தினாள். கரகரப்பு. மேசைக் காலோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லி வைரேகியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அலறல். கூரையைத் தாங்கும் மரத்தூணில் மாட்டினாள். கரகரப்பு.

“ஒடேரா அண்ணே, அந்தக் கூண்டு மேல கைய வைங்களேன். நான் பொத்தான அழுத்தறேன்.”

“எதுக்கு?”

“சும்மா.”

“கை அழுக்கா இருக்கு.”

“கூண்டு அதவிட அழுக்கு.”

ஒடேரா டீக் கோப்பையை இறக்கி வைத்தான். எழுந்தான். கூண்டின் அருகே போனான். கையை நீட்டினான், திரும்ப இழுத்துக்கொண்டான். “அது கிள்ளும்” என்றான் மெல்ல.

“என்ன?”

“நெருப்பு பத்தும்போது தொட்டா சுருக்குன்னு கிள்ளும். முதல் நாளே கிள்ளுச்சு. நேத்து ஒரு மண்டாசி கையவிட்டுப் பறந்து போயிருச்சு.”

“ஏன் சொல்லல?”

“எவ்வளவு அருமையான கூண்டு. அதப் பத்தி நானே கொற சொல்லுவேனா?”

நியாகியோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “முதலாளி, பழைய கம்ப்யூட்டருக்கு இருந்தது, புதுசுக்கு இல்லாதது என்னன்னு கேட்டீங்களா?”

“நான் கேக்கலியே.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மரம்.”

அவர்கள் மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சாக்கட்டியை எடுத்துத் தரையில் மேசையை வரைந்தாள். மேசையோடு ஒட்டிக் கூண்டு, கூண்டுக்குள் கணினி.

“காத்து வழியா மின்சாரம் சாதாரணமா போகாது. வழி தெறக்கறதுக்கு இந்த மெஷின் முதல்ல ஒரு பயங்கரமான பொறிய அடிக்குது. குட்டி மின்னல்னு வெச்சுக்கங்க. வழி தெறந்ததுக்கு அப்புறம்தான் நெருப்பு ஒழுங்கா எரியும். மழையில மின்னல் வெட்டும்போது ரேடியோ கரகரங்கும்ல, அது மாதிரிதான் இதுவும். அந்தக் குட்டி மின்னல் தகட்டுல எறங்கி, தகட்டுலேருந்து மேசைக்கு வரும். மேசையோட எந்த இரும்பு ஒட்டியிருக்கோ அதுக்கெல்லாம் பரவும். கூண்டு மேசையோட ஒட்டியிருக்கு. கம்ப்யூட்டரோட தகரப் பெட்டி கூண்டுமேல உக்காந்திருக்கு. கேபிள் செருகற துளையோட விளிம்பு அந்தத் தகரத்தத் தொட்டிருக்கு. கேபிளுக்குள்ள போற பேச்சு ரொம்பச் சின்ன மின்சாரம். ரகசியம் பேசற மாதிரி. ரகசியம் பேசறவன் காதுகிட்ட வந்து ஒருத்தன் தகரத்தத் தட்டினா எப்படி இருக்கும்?”

“எங்க பெரியக்கா பாடற மாதிரி இருக்கும்” என்றாள் கபுராவின் அம்மா.

“அவ்வளவுதான். பெட்டிக்கு ஒண்ணும் கேக்கல. நின்னுடுது. பழசு மரப் பெஞ்சில இருந்துச்சு. மரம் மின்னலக் கடத்தாது. நான் பெஞ்சையும் கூண்டையும் ஒரு பொருட்டாவே நெனைக்கல. கம்ப்யூட்டர், கேபிள், பெட்டி இதுல மட்டும்தான் தேடிட்டிருந்தேன்.” அவள் உலோக உறை போர்த்த கேபிளைத் தூக்கிக் காட்டினாள். “போதாததுக்கு நானே இத வேற வாங்கி மாட்டிட்டேன். இதோட உறை இந்த முனை இரும்பையும் அந்த முனை இரும்பையும் கைகோத்து விட்டுடும். கட்டுப்பாட்டுப் பெட்டி பாவம், மரப் பலகையில நிம்மதியா இருந்துச்சு. அதையும் மின்னலுக்கு அறிமுகம் செஞ்சு வெச்சேன்.”

“சரி, இப்ப என்ன செய்யணும்?” என்றார் வைரேகி.

“கூண்ட மேசையிலேருந்து பிரிக்கணும்.”

ஒடேரா கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

“பிரிக்கறதா?” என்றான் ஒடேரா. “நான் வெச்ச வெல்டிங்க நானே அறுக்கறதா? அது கல்யாணமாகி சந்தோஷமா இருக்கு தங்கச்சி. பாரு, எப்படி ஒட்டியிருக்குன்னு.”

“கம்ப்யூட்டர மட்டும் வெளிய எடுத்துப் பாத்துடலாம்தான். ஆனா கதவு?”

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒடேராவும் பார்த்தான். கணினியை உள்ளே வைத்துவிட்டுத்தான் அவன் கூண்டின் கடைசிக் கம்பியை ஒட்டியிருந்தான்.

“ஒடேரா” என்றாள் கபுராவின் அம்மா, மிகவும் அன்பாக. “நீ அறுக்கலன்னா சனிக்கிழம எங்க வாசல்ல கேட்டுக்குப் பதிலா உன்ன நிறுத்தி வெப்பேன். நீளம் சரியாத்தான் இருக்கு. எங்க அக்கா உன் காதுகிட்ட நின்னு பாடுவா.”

ஒடேரா கிரைண்டிங் மெஷினை எடுத்தான். கணினியின் மேல் கோணிப்பையையும் அதன் மேல் ரோஜாப்பூ விரிப்பையும் போர்த்தினான், பொறி படக்கூடாதென்று. முதல் வெல்டிங்கை அறுக்க வெகுநேரம் பிடித்தது. இரண்டாவது அதைவிட. நடுவில் நிறுத்தி வைரேகியைக் கூப்பிட்டான். “முதலாளி, பாத்தீங்களா, இன்னும் விடமாட்டேங்குது. வேற எவன் வெச்ச வெல்டிங்கா இருந்தாலும் இந்நேரம் விழுந்திருக்கும்.” துக்கம் எங்கே முடிந்து பெருமை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. நாலாவது விட்டபோது கூண்டு ஒரு பெருமூச்சு விட்டதைப் போல ஆடியது.

வைரேகியும் ஒடேராவும் கூண்டைக் கணினியோடு சேர்த்துத் தூக்கி மரப் பெஞ்சின் மேல் வைத்தார்கள். மேசைக் காலின் இடைஞ்சல் போனதும் கதவு முழுதாகத் திறந்தது. நியாகியோ இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, இரு முனையிலும் பிளாஸ்டிக் தலை வைத்த பழைய சாதாரணக் கேபிளைச் செருகினாள். ஒன்றையும் பிடுங்கவில்லை.

“இப்ப இத ஒரு சங்கிலி போட்டு மேசையோட கட்டிடறேன்” என்றான் ஒடேரா. “சும்மா விட்டா திருடு போயிடும்.”

“வேணாம்” என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“சங்கிலியும் இரும்புதாண்ணே” என்றாள் நியாகியோ.

யோசித்துவிட்டு அவன் தடிமனான சணல் கயிற்றால் கூண்டை மரத்தூணோடு கட்டினான். கட்டிய முடிச்சு அவன் வெல்டிங்கைப் போலவே இருந்தது. அதை அவிழ்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை.

கண் போட்ட அந்த நல்ல தகட்டையே மேசையில் ஏற்றினார்கள். பழைய துளை கண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும் இடத்தில்தான் இருந்தது. கண் வட்டத்தை வெட்டி எடுக்கும்போது துளையும் சேர்ந்து போய்விடும். நியாகியோ பொத்தானை அழுத்தினாள். நீல வெளிச்சம் வந்தது. ரேடியோ பெஞ்சிலிருந்து கரகரத்தது. நெருப்பு முனை நிதானமாக ஒரு வட்டம் போட்டது. ஒரு நாணயம் அளவு இரும்பு ‘டிங்’ என்று கீழே விழுந்தது.

எல்லோரும் முனையையே பார்த்தார்கள். பேசினால் நின்றுவிடுமோ என்று பயம். முனை எழும்பி, நகர்ந்து, முதல் புள்ளியில் இறங்கியது. பிறகு அடுத்தது. வயிறு, கழுத்து, கால்களின் நடுவே. கடைசியாக வெளிக்கோடு கொம்பில் தொடங்கி உடம்பெல்லாம் சுற்றி, வாலைத் தாண்டி, கொம்பிலேயே வந்து முடிந்தது. ஒட்டகச்சிவிங்கி மேசையில் லேசாகச் சாய்ந்தது.

“இப்பத்தான் பாக்கறத நிறுத்திச்சு” என்று ஒடேரா டீக் கோப்பையை எடுத்தான். டீ ஆறியிருந்தது.

சனிக்கிழமை வைரேகியின் வாசலில் கேட் நின்றது. பக்கத்து வீட்டு ஆடு வழக்கம்போல வந்து முட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உள்ளே பெண்கள் தோளோடு தோள் நின்றார்கள். நியாகியோ அவர்களுக்கு நடுவே, சரியாக ஒட்டகச்சிவிங்கியின் தலைக்குப் பின்னால். பெரியக்கா பாடினாள். கேட் அதிர்ந்தது, விழவில்லை.

“யாரு நீங்க? வழி தப்பிட்டீங்களா?”

“முராங்காவுலேருந்து வரோம். இந்த வீட்டுல ஒரு பூ பூத்திருக்குன்னு சொன்னாங்க.”

“பூ இருக்கு. தெறக்கற மாதிரி பாட்டு இன்னும் கேக்கல.”

வெளியே அவர்கள் பாடினார்கள். வெயில் ஏறியது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மட்டும் பாட்டில் சேராமல் கேட்டையே தடவிக்கொண்டிருந்தார். வெட்டிய ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு குனிந்து ஒட்டகச்சிவிங்கியின் கண் வழியாக உள்ளே பார்த்தார். அந்தப் பக்கத்தில் நியாகியோவின் கண் இருந்தது.

“ஏம்மா” என்றார் அவர் தணிந்த குரலில், “இது கையால வெட்டினது இல்லியே? மெஷின்தானே?”

“மெஷின்தான்.”

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. போன மாசம் கம்ப்யூட்டர மாத்தினேன். சும்மா ஓட்டினா ஓடுது. நெருப்பு பத்தினா தொடர்பு இல்லன்னு நின்னுடுது. மூணு கேபிள் மாத்திட்டேன்.”

நியாகியோவின் முகம் மலர்ந்தது. கேட்காமலேயே விளக்குகிறவளிடம் ஒருவர் கேட்டேவிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா அவள் தோளைப் பிடித்தாள்.

“என்ன ரகசியம்? எதுன்னாலும் முதல்ல பாடச் சொல்லு.”

“பெரியம்மா, அவருக்கு ஒரு சந்தேகம்.”

“சந்தேகத்துக்குத் தனிப் பாட்டு.”

சித்தப்பா நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்குக் குரலே இல்லை. ஆனாலும் ஒரு முழுப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார். உள்ளே பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும், சொல்லிவிடு, தாங்கமாட்டேன் என்று தாழ்ப்பாளில் கை வைத்தாள். சித்தப்பா மறுபடி ஒட்டகச்சிவிங்கியின் கண்ணில் காதை வைத்தார்.

“கம்ப்யூட்டர எங்க வெச்சிருக்கீங்க?” என்றாள் நியாகியோ.

“மேசையோடயே ஒரு இரும்புத் தட்டு அடிச்சு அது மேல வெச்சிருக்கேன். திருடு போகாம வெல்டிங் வெச்சு.”

“அதுதான். அறுத்து எடுத்துடுங்க. கம்ப்யூட்டரோட இரும்பு, வெட்டுற மேசையோட இரும்ப எங்கயும் தொடக்கூடாது. மரத்து மேல வைங்க. ரெண்டு முனையும் பிளாஸ்டிக் தலை வெச்ச சாதாரணக் கேபிள் போடுங்க. நெருப்பு பத்தினாலும் நிக்காது, முழுசா வெட்டும்.”